ஜெல்லிமீன் மண்ணுக்குத் தரும் தழைச்சத்து

கடற்கரையில் குவியல் குவியலாக ஒதுங்கும் ஜெல்லிமீன்களை அள்ளிச் சென்று மரத்தடியில் புதைத்தால் உரமாகுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆகும். ஆனால் அள்ளியபடியே புதைப்பது மரத்துக்குத் தீங்கு செய்யும்.

இனத்துக்கு இனம் அளவுகள் மாறினாலும், 100 கிலோ ஜெல்லிமீனில் ஏறத்தாழ 96 கிலோ தண்ணீர்தான். அதன் உடல்நீர் கடல்நீரைப் போலவே உப்புச் செறிவு கொண்டது என்பதால், எஞ்சியதில் 3 கிலோவுக்கு மேல் உப்பாகவே இருக்கும். உயிர்ப்பொருள் ஒரு கிலோகூடத் தேறாது. அதில் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, சுமார் 100 கிராம். இதே அளவு தழைச்சத்து 220 கிராம் யூரியாவில் கிடைத்துவிடும். எனவே உரத்துக்காகவே கடலில் இறங்கி இவற்றைப் பிடிப்பது வீண் உழைப்பு என்பதே என் கருத்து. வலையை அடைத்தும் கரையில் ஒதுங்கியும் எப்படியும் அகற்ற வேண்டியவையாகக் கிடப்பவற்றுக்கே இந்த வழி பொருந்தும்.

அந்த 100 கிராம் மண்ணுக்குள் என்ன ஆகிறது என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் உடலில் சராசரியாக எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. உடலில் எட்டுப் பங்கு கார்பனைச் சேர்ப்பதற்குள் அவை மேலும் பதினாறு பங்கைச் சுவாசத்தில் எரித்துவிடுவதால், 24 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் உள்ள உணவே அவற்றுக்கு அளவானது. வைக்கோலில் இவ்விகிதம் 80 வரை போகிறது. அதை உண்ணும் நுண்ணுயிர்கள் பற்றாத நைட்ரஜனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ள, பயிர் வெளுத்துப் போகிறது. தாவரங்களுக்கு உறுதி தரும் நார்ப்பொருள்களான லிக்னினும் செல்லுலோசும் அற்ற, பெரும்பாலும் புரதத்தால் ஆன ஜெல்லிமீனிலோ விகிதம் வெறும் நான்கு. 24 பங்கு கார்பனோடு ஆறு பங்கு நைட்ரஜன் வருகிறது. நுண்ணுயிருக்குத் தேவை ஒன்று, மிச்சம் ஐந்து. அந்த ஐந்தையும் அது அம்மோனியமாக வெளியே விடுகிறது. வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற, வேர் உறிஞ்சிக்கொள்கிறது. வயலுக்கு இட்ட உரத்தில் ஒரு பகுதி மழையோடு ஓடிக் கடலுக்குப் போய், மிதவைப் பாசியாகி, அதைத் தின்னும் நுண்விலங்காகி, அதைத் தின்னும் ஜெல்லிமீனாகியிருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், நிலம் இழந்ததைத்தான் நிலத்துக்குத் திருப்புகிறோம்.

உப்புக்கு இப்படி ஒரு வழி கிடையாது. நுண்ணுயிர்கள் புரதத்தைத் தின்றுவிடும், உப்பைத் தொடா. குவியல் மக்கிச் சுருங்கச் சுருங்க அதன் செறிவு கூடவே செய்யும். உப்பு மிகுந்த மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. இதனால்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் உப்பை நீக்கி உலர்த்திய ஜெல்லிமீன் துண்டுகளை மரக்கன்றுகளுக்கு இட்டுச் சோதித்தனர். உலர்ந்த துண்டுகள் தண்ணீரை மீண்டும் உறிஞ்சி வைத்துக்கொள்வதால், வறண்ட நிலத்தில் நட்ட கன்றுக்கு உரத்தோடு ஈரமும் கிடைக்கிறது.

2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவ்லின் அணுமின் நிலையத்தில் குளிர்விக்கும் நீரை இழுக்கும் வடிகட்டிகளை ஜெல்லிமீன் கூட்டம் அடைத்து, உலைகள் நின்றுபோயின. இத்தகைய நிகழ்வை ஒட்டி ஆய்வுக்கு நிதி வருகிறது, சில ஆண்டுகளில் முடிந்தும் விடுகிறது. ஜெல்லிமீன் பெருக்கமோ ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது. அடுத்தடுத்த பருவங்களில் உப்பு மண்ணில் எவ்வளவு தங்குகிறது என்று அளக்க நீண்டகால நிதி வேண்டும். அதைத் தர அரசுகள் தயங்குவது எனக்கு வருத்தமே.

கேள்வி கேட்டவர் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். இறந்த ஜெல்லிமீனின் கொட்டும் செல்களும் வெடிக்கும் என்பதால் கையுறை கட்டாயம். துண்டாக்கி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, காய்ந்த சருகு நிறையச் சேர்த்து மக்கவையுங்கள். சருகுக்குப் பற்றாத நைட்ரஜனை இது ஈடுசெய்யும். மக்கியதை முதலில் வளர்ந்த மரத்துக்குக் கொஞ்சமாக, அடிமரத்திலிருந்து தள்ளி இடுங்கள், நாற்றுக்கு வேண்டாம்.