பெட்டியின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

கொழும்பில் வடிவமைப்புக் கற்கும் மாணவர்களின் அச்சு, பொதியிடல் செயற்றிட்டங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அவ்வப்போது என்னை அழைப்பார்கள். அச்சகங்களுக்கான கோப்புகளைத் தயாரித்துச் சரிபார்ப்பதே என் அன்றாடத் தொழில் என்பதால், ஒரு பெட்டியைக் கையில் தந்தவுடன் அதைத் திருப்பிப் பின்புறத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மாணவர்களுக்கு அது சற்று ஏமாற்றமாக இருக்கும். ஏனெனில் பல வாரங்கள் செலவிட்டு அவர்கள் செதுக்கியது முன்புறத்தை; பின்புறமோ பெரும்பாலும் சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவில் நிரப்பப்பட்டது.

அண்மையில் பார்த்த ஒரு செயற்றிட்டம் குறக்கன் பிஸ்கட்டுக்கான மட்டைப் பெட்டி. பழுப்பு நிறக் கிராஃப்ட் மட்டை, கையால் வரைந்த கதிர், அளவான வண்ணங்கள் என்று முன்புறம் உண்மையிலேயே அழகாக இருந்தது. பின்புறத்தில் சிங்களமும் ஆங்கிலமும் தமக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஒரு மூலையில் தமிழ் ஐந்து புள்ளி (பொயின்ட்) எழுத்தளவில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தது. அந்தப் பிஸ்கட்டில் கச்சான் சேர்க்கப்பட்டிருக்கிறது. கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வாங்கும் ஒரு தாய்க்கு, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்திருந்தால், அந்த மூலைதான் முழுப் பெட்டியும்.

பொதியிடலில் பின்புறம் என்பது மிச்ச இடமன்று. இலங்கையில் உணவுப் பொருட்களுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் உள்ளன. பொருளின் பொதுப்பெயர், தேறிய நிறை, உள்ளடக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் போன்றவற்றை நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பெட்டியில் எங்கேனும் வைத்தாக வேண்டும். அதிகபட்ச சில்லறை விலைக்கும் இடம் வேண்டும். எந்த விடயம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதை நண்பர் சொன்னார், அச்சகத்தில் சொன்னார்கள் என்று தீர்மானிக்காமல், நடைமுறையிலுள்ள வர்த்தமானி அறிவித்தலை எடுத்து வாசித்துத் தீர்மானியுங்கள். பானம் என்றால் இன்னொரு விடயமும் உண்டு: 2016 முதல் இனிப்பான பானங்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற வட்டக் குறியீடு நடைமுறையில் இருக்கிறது. ஒற்றை நிறத்தில் நேர்த்தியான சுட்டுத்துண்டு (லேபல்) ஒன்றை முடித்துவிட்டு, பிறகு அந்த வட்டத்தை எங்கே ஒட்டுவது என்று தேடுவதைவிட, அந்த நிறம் வரப்போகிறது என்பதை அறிந்தே தொடங்குவது நல்லது.

இனித் தமிழ் எழுத்துக்கு வருவோம். அதிகமாகக் கெடுவது இங்கேதான். இலங்கை அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் உள்ளன. அவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் அமையாதவை. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்திச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் வரிகள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும், ஏனெனில் மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளி விசையில் அமர்ந்திருக்கிறது. யூனிகோடிலும் சிக்கல் இல்லாமலில்லை. வாட்ஸப்பில் வந்த வாசகத்தை எடுத்து இலஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளில் ஒட்டும்போது, இந்திய மொழிகளுக்கான தெரிவு முடுக்கப்படாதிருந்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். தமிழ் தெரியாத ஒருவருக்குக் கொம்பு எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான். எழுத்துகள் தமிழ்போலவே இருக்கும். அப்படியே பிளேட் எனும் அச்சுத் தகட்டுக்குப் போய், ஆயிரக்கணக்கில் அச்சாகி, கடைத் தட்டுக்கும் வந்துவிடுகிறது. கொழும்பில் வாழும் தமிழ் வாசகர் எவருக்கும் இதற்கு நான் உதாரணம் காட்டத் தேவையில்லை.

கோப்பில் சரியாக இருக்கும் எழுத்தும் மட்டையில் கெடலாம். திரையில் கறுப்பாகத் தெரியும் எழுத்து, கோப்பை அச்சு நிறங்களுக்கு மாற்றும்போது சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் கலவையாகிவிடுவதுண்டு. நான்கு பிளேட்டுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அந்த எழுத்து கூர்மையாக வரும். ஆனால் மட்டை ஈரத்தை உறிஞ்சி விரியக்கூடியது. கொழும்பின் காற்றிலோ ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. இரு நிற இயந்திரத்தில் ஒரே தாள் இரண்டு முறை ஓடும்போது இடைப்பட்ட நேரத்தில் அதன் அளவே சற்று மாறிவிடும். பெரிய படத்தில் அந்தப் பிசகு கண்ணுக்குப் படாது. ஐந்து புள்ளித் தமிழிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் நிற ஓரம் முளைத்துவிடும். ஆகவே சிறிய எழுத்துகள் அனைத்தும் கறுப்பு மையில் மட்டும், நூறு வீதத்தில் இருக்க வேண்டும். கிராஃப்ட் மட்டை இன்னும் கடினமானது. மை அதில் பரவி ஊறுவதால் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். மெல்லிய எழுத்துருவாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது காணாமலே போகும். சற்றுத் தடித்த, சுழிகள் அகன்ற எழுத்துருவைத் தெரிந்தெடுத்து, ஆங்கிலத்தைவிட ஒரு புள்ளியாவது கூட்டி வைப்பதே என் வழக்கம். கரும் பின்னணியில் வெள்ளை எழுத்தாகத் தமிழை விடுவதை இந்த அளவில் நான் அனுமதிப்பதில்லை.

குறக்கன் பெட்டியை வடிவமைத்த மாணவியிடம், இவற்றையெல்லாம் விளக்குவதற்கு முன், அதே பெட்டியைச் சாதாரண அலுவலக அச்சுப்பொறியில் உண்மை அளவில் எடுத்து, வெட்டி, மடித்து, வெள்ளவத்தையில் உள்ள ஏதேனும் ஒரு பலசரக்குக் கடையின் வெளிச்சத்தில் பிடித்து வாசித்துப் பார்க்கச் சொன்னேன். கணினியில் நானூறு வீதம் பெருப்பித்துப் பார்த்தே பழகியவருக்கு அது பெரிய அதிர்ச்சி. (மாணவர்கள் இணையத்திலிருந்து எடுக்கும் ‘மொக்-அப்’ எனும் மாதிரிக் காட்சிப் படங்களில் பெட்டிகள் எப்போதும் ஏதோவொரு குளிர்நாட்டின் காலை வெயிலில்தான் நிற்கின்றன, சவர்க்காரத்துக்கும் சமபோஷ சத்துமாவுக்கும் நடுவில் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.) அடுத்த முறை வந்தபோது முன்புறக் கதிரைச் சற்றுச் சுருக்கி, ஒரு பக்கவாட்டுப் பக்கத்தை முழுவதுமாகத் தமிழுக்கு ஒதுக்கியிருந்தார். கச்சான் பற்றிய குறிப்பு உள்ளடக்கப் பந்தியிலிருந்து பிரிந்து, தடித்த எழுத்தில் தனி வரியாக நின்றது. பெட்டி முன்பைவிட அழகாகவே இருந்தது என்பது என் எண்ணம். அவருடைய விரிவுரையாளர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பார்கோட் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் பதிவு செய்து பெறும் இலக்கம் 479 என்று தொடங்கும். ஈஏஎன் 13 எனப்படும் பதின்மூன்று இலக்க பார்கோட் குறியின் முழு அளவு 37.29 மில்லிமீற்றர் அகலமும் 25.93 மில்லிமீற்றர் உயரமும் ஆகும். எண்பது வீதத்துக்குக் கீழே அதைச் சுருக்கக் கூடாது. இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். சிவப்பு நிறத்தில் கோடுகளை அச்சிட்டால், வருடியின் ஒளியும் பெரும்பாலும் சிவப்பாக இருப்பதால், அதற்குக் கோடுகள் தெரியாமலே போகும்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒன்று: அச்சிட்ட பிளாஸ்டிக் பைகளை, செதுக்கிய உருளைகளால் அச்சிடும் கிராவியர் முறையில் செய்விக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை தேவை; அந்தச் செலவு பெரிய எண்ணிக்கைக்கே கட்டுப்படியாகும். தொடக்கத்தில் புறக்கோட்டையில் ஆயத்தப் பைகளை வாங்கி, நல்ல சுட்டுத்துண்டு ஒன்றை ஒட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை. அப்போதும் மேற்சொன்ன பின்புற விபரங்கள் அனைத்தும் அந்தச் சுட்டுத்துண்டில் இடம்பெற வேண்டும்.

கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும்போது திருத்தக்கூடிய பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிய பிரதியை மட்டும் கொடுங்கள். வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் நிறம் நீண்டிருக்கட்டும். பசை பூசும் மடிப்பில் மையோ வார்னிஷோ வரக் கூடாது. திகதியும் தொகுதி இலக்கமும் பின்னர் முத்திரையிடப்படும் இடமும் அவ்வாறே வெறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முத்திரை மை காயாமல் விரலோடு வந்துவிடும். அச்சகம் ஒப்புதலுக்குத் தரும் அச்சுப்படியில் கையொப்பமிடும் முன், தமிழை வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதைத் திரையில் அல்லாமல் தாளில், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய பெயரையும் பார்த்த திகதியையும் அந்த அச்சுப்படியின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.