ஊசிப் புண்ணுக்கு இலவச சிகிச்சை: போதை ஊசி பயன்படுத்துவோருக்கான அரசுத் திட்டம் தருவது என்ன?

போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் பலருக்கு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை போன்றவற்றுக்கு முன்பே வந்துவிடுவது ஊசி குத்திய இடத்துப் புண். முழுக்கைச் சட்டைக்குள் அதை மறைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போனால் காவல்துறைக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்திலும் அவமானத்திலும் நாள்களைக் கடத்துவதால், சில நாள்களில் ஆற வேண்டிய கட்டி சீழ் வைத்து, கையையே இழக்கும் நிலை வரை போகிறது. இவர்களுக்காகவே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான 'நாக்கோ', மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் வழியாகத் தொண்டு நிறுவனங்களைக் கொண்டு இலக்குக் குழுத் திட்டங்களை, அதாவது எச்.ஐ.வி. ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தேடிச் செல்லும் திட்டங்களை, நடத்துகிறது. போதையை நிறுத்தினால்தான் கட்டுப் போடுவோம் என்ற நிபந்தனை இங்கே கிடையாது; இத்திட்டத்தின் உயிர்நாடியே அதுதான்.

ஐ.நா. அமைப்புகள் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஒன்பது சேவைகளின் பட்டியலில் சுத்தமான ஊசி வழங்குதல், போதைப்பொருளுக்குப் பதிலாக மருந்து தரும் மாற்று மருந்துச் சிகிச்சை, எச்.ஐ.வி. பரிசோதனை ஆகியவை இருந்தன. புண் பராமரிப்பு தனிச் சேவையாக இடம்பெறவில்லை. இந்தியத் திட்டத்தில் சீழ்க்கட்டித் தடுப்பும் சிகிச்சையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. இது சரியான முடிவு என்றே சொல்வேன். ஊசி வாங்க வரத் தயங்குபவர்கூட வலி தாங்காமல் கட்டுப் போட வருவார். அப்படி வருபவரிடம்தான் மற்ற சேவைகளைப் பற்றிப் பேச முடிகிறது.

புண் வருவதற்கு அழுக்கு ஊசி மட்டும் காரணமல்ல. தோலைத் துடைக்காமல் குத்துவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவது, ரத்தக்குழாய் தவறி மருந்து சதைக்குள் இறங்குவது ஆகியவையும் காரணங்களே. வாயால் விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஏற்றும்போது, அதில் கரையாமல் நிற்கும் துகள்கள் ரத்தக்குழாயை அடைத்துச் சதையை அழுகச் செய்கின்றன. மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் மாநிலங்களில் வலி நிவாரணக் கேப்சூல்களை இப்படிப் பயன்படுத்திப் பலர் கை, கால்களை இழந்தார்கள். தமிழ்நாட்டிலும் வலி நிவாரண மாத்திரைகளை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருவதால், இதை அயலூர்ச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது.

திட்டத்தின் டிராப்-இன் மையத்தில், அதாவது பயனாளிகள் வந்து போகும் இடத்தில், செவிலியர் புண்ணை சலைன் நீரால் கழுவி, சுத்தமான காஸ் துணியால் கட்டுகிறார். சிவந்து வீங்கிய தோலின் ஓரத்தில் பேனாவால் கோடு வரைந்து வைத்தால், மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துத் தொற்று பரவுவதை அறியலாம். கட்டியை அழுத்திப் பிதுக்கவோ பிளேடால் கீறவோ கூடாது. கீறித் திறக்க வேண்டிய கட்டிக்கு மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். காய்ச்சல், தோல் கறுத்தல், புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலேறுதல் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொடை இடுக்கில் நாடித் துடிப்புடன் ஒரு கட்டி தென்பட்டால் அது சீழ்க்கட்டியாக இல்லாமல் ரத்தக்குழாயின் வீக்கமாக இருக்கலாம்; அதில் கத்தி பட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், யாரையும் தொடவிடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

அதே மையத்தின் வழியாகப் புதிய ஊசிகளும், அரசு மருத்துவமனைகளில் உள்ள எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனைப் பிரிவான நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும், மாற்று மருந்தாக நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரைச் சிகிச்சைக்கான பரிந்துரையும் கிடைக்கும். ஊசி போடும் தேவையையே குறைப்பதால், புண் திரும்ப வராமலிருக்க இந்த மாத்திரைதான் பெரிதும் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017இன் 22ஆம் பிரிவு, மத்திய அரசின் வழிகாட்டுதல்படி எச்.ஐ.வி. பரவலைக் குறைக்கச் செய்யப்படும் பணி எதுவும் குற்றமாகாது என்கிறது. சுத்தமான ஊசி கொடுப்பவர் மீதும் அதைப் பெறுபவர் மீதும் அதற்காக வழக்குப் போட முடியாது என்பதை அது எடுத்துக்காட்டாகவே தருகிறது. ஆனால் போதைப்பொருளை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் இன்னமும் குற்றமே. இந்தப் பாதுகாப்பு அவற்றுக்குப் பொருந்தாது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஒப்புதல் இல்லாமல் செய்யப்படக் கூடாது. ஆகவே கட்டுப் போட வந்தவர் பரிசோதனையை மறுத்துவிட்டுக் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு போகலாம்.

அருகிலுள்ள மையம் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டணமில்லாத 1097 என்ற எண்ணிலோ, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடும்பத்தார், நண்பர்களும் விசாரித்துச் சொல்லலாம்.