மருந்து கூடினால் வேர்நுனி சொல்லிவிடும்

விதைப்பதற்கு முன் விதையில் பூஞ்சைக்கொல்லி கலக்கும் விதை நேர்த்தியின்போது "இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் அநேகம். நல்லதல்ல. கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்பவை டியூபுலின் என்ற புரதத்தாலான நுண்ணிழைகள். இந்த மருந்து பூஞ்சையின் டியூபுலினைப் பிடித்துக்கொள்கிறது. இழை உருவாகாது, பூஞ்சை பெருகாது. பயிர்ச் செல்லும் டியூபுலினை நம்பித்தான் பிரிகிறது. பூஞ்சையுடையதோடு ஒட்டும் அளவுக்கு அதனோடு மருந்து ஒட்டுவதில்லை, அதனால் பயிர் தப்புகிறது. அளவு கூடக்கூட அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும்.

இதைக் கண்ணால் பார்க்க வெங்காய வேரே போதும். 16 குரோமோசோம்கள், எல்லாம் நல்ல பெரியவை. மருந்துக் கரைசலில் வைத்த வேரின் நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் பதப்படுத்தி, அசிட்டோகார்மின் சாயமேற்றி நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்போம். முதலில் தெரிவது, பிரிகிற செல்கள் குறைந்திருப்பது. அப்புறம் நடுவில் வரிசையாக நிற்க வேண்டிய குரோமோசோம்கள் செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒன்றிரண்டு பின்தங்கி நின்று, பிறகு தனியாக ஒரு குட்டி உட்கருவாகிவிடும். சில செல்களில் பிரிதல் முடியாமலே 32 குரோமோசோம்கள் ஒரே உட்கருவில் அடைபடும். இதே நுண்ணிழைகளைத் தடுக்கும் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் கொடுத்த வேரும் இப்படித்தான் இருக்கும். மான்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி டியூபுலினைக் குறிவைக்கும் மருந்தல்ல. ஆனாலும் அதன் அடர்த்தி கூடினால் செல் பிரிதல் மந்தமாகும்.

சரி, வயலில் இதே அளவு பாதிப்பு வருமா? வராது. ஆய்வகத்தில் வேர் கரைசலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. வயலில் மருந்தின் ஒரு பகுதியை மண் பிடித்துக்கொள்ளும். வேரில் கெட்ட செல் விதைக்குள் போவதும் இல்லை. எனக்குக் கவலை மொட்டுப் பருவம்தான். மகரந்தத் தாய்செல்கள் குன்றல் பிரிவில் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவில்) இருக்கும் நேரத்தில் குரோமோசோம் தவறாகப் பிரிந்தால் மகரந்தம் மலடாகும், மணி பிடிப்பு குறையும். அந்தச் சமயத்தில் தெளிப்பது உண்மையிலேயே தேவைதானா என்று யோசியுங்கள்.

மருந்தை மூடியால் அளக்காமல் தராசில் எடை போடுங்கள். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டு பொட்டலத்திலும் ஒரே மூலப்பொருள் இருக்கலாம், இரண்டையும் போட்டால் தெரியாமலே அளவு கூடிவிடும், லேபிளின் சின்ன எழுத்தைப் படியுங்கள். கையுறை கட்டாயம், கார்பென்டாசிமை ஐரோப்பிய ஒன்றியம் மரபணு மாற்றமும் இனப்பெருக்கப் பாதிப்பும் உண்டாக்கக்கூடிய பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது.

நேர்த்தி செய்த விதையில் சிலவற்றையும் செய்யாததில் சிலவற்றையும் ஈரத்துணியில் தனித்தனியாக முளைக்க வைத்துப் பாருங்கள். நேர்த்தி செய்ததில் மட்டும் வேர் குட்டையாகி நுனி தடித்திருந்தால், மருந்தின் அளவு கூடிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.