கிரெட்ஸ்கியின் 51 ஆட்டங்கள்: திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?

ஐஸ் ஹாக்கியில் வெய்ன் கிரெட்ஸ்கியின் தொடர் சாதனை 40 வருஷம் தாண்டியும் ஏன் உடையவில்லை, அது வெறும் அதிர்ஷ்டமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் பயன்படும் ரப்பர் வட்டை, தள்ளிக் கொடுத்தவர்களில் அதிகபட்சம் இருவருக்கும் ஆளுக்கொரு புள்ளி. எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்காக 1983 அக்டோபர் 5 முதல் 1984 ஜனவரி 27 வரை தொடர்ந்து 51 ஆட்டங்களில் கிரெட்ஸ்கி குறைந்தது ஒரு புள்ளியாவது எடுத்தார். மொத்தம் 153 புள்ளிகள்.

ஹாக்கியில் பக் கோலை நோக்கி எத்தனையோ முறை பறக்கிறது, உள்ளே போவது சிலதான். வாய்ப்புகள் நிறைய, ஒவ்வொன்றும் பலிக்கும் சாத்தியம் கொஞ்சம் என்றால் அங்கே பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கு நன்றாகப் பொருந்தும். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். சராசரி மட்டும் தெரிந்தால் போதும், ஒரு ஆட்டத்தில் புள்ளியே கிடைக்காமல் போகும் நிகழ்தகவைச் சொல்லிவிடலாம். சராசரி 1 என்றால் 37 சதவீதம், 2 என்றால் 13.5, 3 என்றால் 5.

சரி, இப்போது 51 ஆட்டங்களுக்கு வருவோம். ஒரு ஆட்டத்தில் குறைந்தது ஒரு புள்ளியாவது கிடைக்கும் நிகழ்தகவை 51 தடவை எழுதிப் பெருக்க வேண்டும். கூட்டு வட்டி மாதிரி, சின்ன வித்தியாசம் இங்கே பூதாகரமாகிறது. ஆட்டத்துக்கு 1 புள்ளி எடுக்கும் வீரர், அவரே நல்ல நட்சத்திரம்தான், 51 ஆட்டங்களைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 1,440 கோடியில் ஒன்று. 2 புள்ளி எடுப்பவருக்கு சுமார் 1,660-இல் ஒன்று. 3 புள்ளி எடுப்பவருக்கோ 14-இல் ஒன்று! புள்ளி எடுக்கும் வேகம் மூன்று மடங்கானால் வாய்ப்பு நூறு கோடி மடங்குக்கு மேல் எகிறுகிறது. இந்த இடத்தை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் அந்த 3 என்ற சராசரியைத் தொடருக்குள்ளிருந்தே எடுப்பது நியாயமில்லை. அந்தப் பருவம் முழுவதையும் பார்த்தால் 74 ஆட்டங்களில் 205 புள்ளிகள், சராசரி 2.77. அப்போது வாய்ப்பு 27-இல் ஒன்று. ஆக, அதிர்ஷ்டமும் கொஞ்சம் தேவைப்பட்டது. 44-வது ஆட்டத்தில், பின்தங்கியிருந்த சிகாகோ அணி கூடுதலாக ஒரு தாக்குதல் வீரரை இறக்க கோல்கீப்பரை வெளியே எடுத்திருந்த நேரத்தில், முடிய 2 வினாடி இருக்கும்போதுதான் கிரெட்ஸ்கி காலி வலைக்குள் கோல் அடித்துத் தொடரைக் காப்பாற்றினார்.

இப்போதைய கானர் மெக்டேவிடை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23 பருவத்தில் 82 ஆட்டங்களில் 153 புள்ளிகள், இந்தக் காலத்துக்கு அசாத்தியமான ஆட்டம். அந்த வேகத்திலும் 51 ஆட்டங்கள் என்பது சுமார் 5,300-இல் ஒன்று. சாதனை உடையாததற்குக் காரணம் இதுதான்.

எல்லாச் சாதனையும் இப்படி இல்லை. பீனிக்ஸ் கயோட்டீஸ் கோல்கீப்பர் பிரையன் பூஷே 2003-04 பருவத்தில் தொடர்ந்து 332 நிமிடம் ஒரு கோல்கூட விடவில்லை, ஐந்து ஆட்டங்கள் அப்படியே போயின. ஆட்டத்துக்கு இரண்டரை கோலுக்கு மேல் விடும் ஒருவருக்கு, குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் இது நடக்க வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் எத்தனையோ கோல்கீப்பர்கள், எத்தனையோ பருவங்கள். யாராவது ஒருவருக்கு அமையத்தான் செய்யும். இந்த மாதிரித் தொடர்களுக்குத்தான் ராசி, நேரம் என்று கதை கட்டுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பூஷே அந்தச் சில நாள் அருமையாகத் தடுத்தார், பக்கும் அவருக்குச் சாதகமாகவே பட்டுத் திரும்பியது. 2004 ஜனவரி 11 அன்று அதே பக், சொந்த அணித் தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு வலைக்குள் போனது.