தண்ணீரோடு பலப்பரீட்சை வேண்டாம்

நீச்சல் பழகும் பிள்ளைகளின் பெற்றோர், பயிற்சியாளரான என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டைமிங் குறையவே மாட்டேங்குது. கையில பலம் பத்தலையா? ஜிம்முக்கு அனுப்பட்டுமா?" பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். அந்தப் பிள்ளை நீந்துவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் பலக்குறைவு கண்ணில் படுவதில்லை. தலை தூக்கியிருக்கும், இடுப்பு தாழ்ந்திருக்கும், கால்கள் அதற்கும் கீழே தொங்கும். இப்படி இருக்கும் உடம்பை முன்னே தள்ள எவ்வளவு பலம் இருந்தாலும் பத்தாது.

நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. உசைன் போல்ட் 2009இல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே அதே தூரத்தை ஃப்ரீஸ்டைலில் 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். உச்சத்தில் இருந்த இரண்டு உடல்கள். ஆனால் நீருக்குள் கிடைத்த வேகம் ஓட்டத்தின் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

வேகம் கூடும்போது நீரின் எதிர்ப்பு அதே அளவில் கூடுவதில்லை. வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்த எதிர்ப்பைச் சமாளிக்க ஒவ்வொரு விநாடியும் செலவாகும் ஆற்றல் எட்டு மடங்கு. இரண்டு மடங்கெல்லாம் வேண்டாம், வெறும் 10 சதவீதம் வேகமாகப் போக நினைத்தாலே ஏறத்தாழ 33 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். "இன்னும் வேகமா அடி" என்று கரையில் நின்று கத்தும்போது பிள்ளையிடம் நாம் கேட்பது இதைத்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உடல் நிலையைச் சரிசெய்து எதிர்ப்பை 10 சதவீதம் குறைத்தால், அதே பலத்தில் வேகம் மூன்றரை சதவீதம் கூடுகிறது. 100 மீட்டரை 70 விநாடியில் நீந்தும் பிள்ளைக்கு அது இரண்டு விநாடிக்கும் மேல் மிச்சம். பலத்தை 10 சதவீதம் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே பலன் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும், அந்தச் சுமை தோளில் ஏறும். தலையைத் தாழ்த்துவதற்குச் சில நாள் கவனம் போதும்.

சந்தேகம் இருப்பவர்கள் 2009ஐ நினைத்துப் பார்க்கலாம். பாலியூரிதேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) நீச்சல் உடைகள் அனுமதிக்கப்பட்டிருந்த அந்த ஆண்டில், ரோம் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. உலகம் முழுவதும் உள்ள வீரர்களுக்கு ஒரே வருடத்தில் தசை வளர்ந்துவிடவில்லை. உடை உடலை இறுக்கிப் பிடித்து வழுவழுப்பாக்கியது, கொஞ்சம் மேலே மிதக்கவும் விட்டது, எதிர்ப்பு குறைந்தது. 2010 தொடக்கத்திலிருந்து அந்த உடைகளுக்குத் தடை. எதிர்ப்பைக் குறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

சரி, தலைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? நுரையீரலில் காற்று இருப்பதால் நீர் நம்மை மார்புப் பக்கமாகத் தூக்குகிறது. ஈர்ப்பு விசையோ அதைவிடக் கீழே, இடுப்பை ஒட்டிய இடத்தில் இழுக்கிறது. இந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று அமையாததால் கால்கள் இயல்பாகவே அமிழப் பார்க்கும். தலையைத் தூக்கினால் இன்னும் அமிழும். அப்போது முன்னால் இருக்கும் நீருக்கு உங்கள் தலை மட்டும் அல்ல, மார்பு, வயிறு, தொடை என்று ஒரு பெரிய பரப்பே எதிரே நிற்கிறது. கால் அமிழாமல் இருக்கப் பிள்ளை இன்னும் வேகமாகக் கிக் அடிக்கும். தொடைத் தசைகள் பெரியவை; ஆக்சிஜனை அள்ளிக் குடிக்கும். முன்னே போக வேண்டிய கிக், காலைத் தூக்கிப் பிடிக்கவே செலவாகிவிடுகிறது. பாதி தூரத்தில் மூச்சு வாங்குவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்; ஸ்டாமினா குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். சுவரை உதைத்துவிட்டு, கை கால் அசைக்காமல், உடல் தானாக நிற்கும்வரை வழுக்கிப் போகச் சொல்லுங்கள். முதலில் பிள்ளை வழக்கமாகச் செய்வதுபோல். நின்ற இடத்தை லேன் கயிற்றின் (நீந்தும் பாதைகளைப் பிரிக்கும் மிதவைக் கயிறு) நிறத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு உள்ளங்கையை மற்றொன்றின் முதுகின்மேல் வைத்து, மேல்கைகள் காதுகளுக்குப் பின்னால் இறுக, கண்கள் குளத்தின் தரையைப் பார்க்க, வயிறு உள்ளே ஒட்ட, கால்விரல்கள் நீண்டிருக்க, அதே பலத்தில் உதைக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம். சுவரை உதைத்துக் கிளம்பும் அந்தக் கணம்தான் ஒவ்வொரு நீளத்திலும் மிக வேகமான நேரம். வேகம் அதிகம் என்பதால் எதிர்ப்பும் அங்கேதான் அதிகம். விரல்கள் பிரிந்திருந்தாலோ முகவாய் உயர்ந்திருந்தாலோ, இலவசமாகக் கிடைத்த வேகம் கண்ணெதிரே கரைந்துவிடும்.

நீரின் மேற்பரப்பில் இன்னொரு எதிர்ப்பும் உண்டு: நாம் எழுப்பும் அலை. அலையை உருவாக்கும் ஆற்றல் நம்முடையதுதான். அரை மீட்டருக்கும் கீழே போனால் இது வெகுவாகக் குறையும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்துவது) ஜப்பானின் டைச்சி சுஸுகியும் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃபும் டால்ஃபின் கிக் (இரண்டு கால்களையும் சேர்த்து, உடலை அலைபோல் அசைத்து அடிப்பது) அடித்தபடி நீருக்கடியிலேயே நெடுந்தூரம் போனார்கள். தங்கமும் வெள்ளியும் இவர்கள் இருவருக்கே. இப்போது ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை பந்தயங்களில் தொடக்கத்துக்கும், சுவரில் திரும்பும் ஒவ்வொரு டர்னுக்கும் பிறகு 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீருக்கடியில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று பிள்ளைகள் போட்டி போடுவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது முக்கியமாக உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவது அல்ல. இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். தவிப்பே வராமல், எந்த அறிகுறியும் இல்லாமல், நீருக்குள் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், அதுவும் ஆழமில்லாத குளத்தில். டால்ஃபின் கிக் பயிற்சி என்றால் குறைந்த தூரம், இடையில் போதுமான ஓய்வு, கரையில் கண்ணெடுக்காமல் பார்க்க ஓர் ஆள். இதில் சமரசமே கூடாது.

கைக்கு வருவோம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, நீரைப் பின்னால் தள்ளினால் நீர் நம்மை முன்னால் தள்ளும். கீழே தள்ளினால்? மேலே தூக்கும், அவ்வளவுதான். பழகுபவர்கள் கையை நீட்டியவுடன் நேராகக் கீழே அழுத்துவார்கள். தலை எழும், இடுப்பு தாழும், தோள் மூட்டு சுமையை வாங்கும். முழங்கை உயரத்திலேயே இருக்க, முன்கை மட்டும் மடங்கி, உள்ளங்கை பின்பக்கம் பார்க்கத் தொடங்கிய பிறகே அழுத்தம் கொடுக்க வேண்டும். நீருக்கடியில் பார்க்கும்போது கையோடு குமிழிகள் கொத்தாகப் போனால், கை பிடித்திருப்பது நீரை அல்ல, காற்றை.

வேகம் ஏறி இறங்குவதும் நஷ்டமே. பாதி நேரம் விநாடிக்கு 1 மீட்டர், பாதி நேரம் 2 மீட்டர் என்று போவதற்கும், சீராக ஒன்றரை மீட்டரில் போவதற்கும் சராசரி வேகம் ஒன்றுதான். ஆனால் முன்னதற்கு எதிர்ப்பைச் சமாளிக்க மூன்றில் ஒரு பங்கு அதிக ஆற்றல் செலவாகும். ஒவ்வொரு வீச்சிலும் வேகம் இப்படி ஏறி இறங்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளைபோல் நீந்துவது) ஆளைக் களைப்பாக்கிவிடுவதற்கு இது முக்கியக் காரணம். சைக்கிள் பந்தயத்தில் குனிந்து ஓட்டுவதும், மாரத்தானில் முன்னால் ஓடுபவரின் மறைவில் போவதும் இதே இருமடிக் கணக்குக்குள் வருபவைதான். காற்று மெலிது என்பதால் அங்கே அது அதிக வேகத்தில்தான் உறைக்கும்.

கடைசியாகப் பேடில், அதாவது பயிற்சியின்போது உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தட்டு. கையில் பெரிய பேடிலை மாட்டினால் நீரைத் தள்ளும் பரப்பு கூடும், விசை கூடும். அந்த விசை முழுவதும் வந்து சேரும் இடம் தோள். ஒரே பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை அந்தத் தோள் சுழல்கிறது. கையின் பாதை சரியாகாத பிள்ளைக்குப் பேடில் கொடுத்தால் அந்தத் தப்பையே கூடுதல் சுமையோடு பழக்குகிறோம். தோளின் முன்பக்கம் வலி, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சுருக்கென்று குத்துவது, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் பேடிலை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். "கை வலிக்குதா, அப்போ போர்டைப் (மிதவைப் பலகை) பிடிச்சு கிக் மட்டும் அடி" என்பதும் சரியான யோசனை அல்ல. போர்டைப் பிடித்து நீட்டிய கை அதே தோளைத்தான் அழுத்தும். மல்லாந்து படுத்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். அதிலும் வலித்தால் அன்றைக்குக் குளமே வேண்டாம்.