‘வெரி’க்குள் ஒளிந்திருக்கும் உண்மை

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மண்டிப் பக்கம் போனால், “செந்தூரா பயங்கர இனிப்பு” என்று யாராவது சொல்வது காதில் விழும். பயத்துக்கும் அந்தப் பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லிலிருந்து பயம் உதிர்ந்துவிட்டது, அளவு மட்டும் மிச்சம். ஆங்கிலத்தின் ‘வெரி’யும் இப்படி உருவானதுதான்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. அப்படி வந்த ‘வெராய்’க்கு ‘உண்மையான’ என்று பொருள். லத்தீனில் உண்மையைக் குறிக்கும் ‘வேருஸ்’தான் அதற்கு வேர். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேன்டர்பரி கதைகளை எழுதிய சாசர், ஒரு போர்வீரனுக்கு இந்த அடைமொழியைக் கொடுக்கிறார். அங்கே அதன் பொருள் ‘அசல் வீரன்’.

அப்புறம் எப்படி ‘ரொம்ப’ ஆனது? ‘உண்மையான, நல்ல மனிதர்’ என்று இரண்டு அடைமொழிகள் அடுத்தடுத்து வரும்போது, கேட்பவர் அதை ‘உண்மையிலேயே நல்ல மனிதர்’ என்றும் எடுத்துக்கொள்ள முடியும். முதல் சொல் மனிதரை விட்டு ‘நல்ல’ என்பதோடு ஒட்டிக்கொள்கிறது. பலரும் அப்படியே புரிந்துகொள்ள, உண்மை தேய்ந்து ‘மிக’ என்பது மட்டும் நின்றது. பழைய வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. ‘திஸ் வெரி பிளேஸ்’ என்றால் ‘சாட்சாத் இதே இடம்’ என்றுதான் பொருள்.

அழுத்தத்துக்காக வரும் சொல்லை ஓயாமல் பயன்படுத்தினால் அழுத்தம் குறையும். உடனே புதுச்சொல் வேண்டும். இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், பெரியவர்கள் ‘வெரி’யையும் இளையவர்கள் ‘ரியலி’யையும் அதிகம் சொல்வது தெரிந்தது. ‘ரியலி’க்கும் அடிப்படைப் பொருள் ‘உண்மையில்’ என்பதே! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

நம் பக்கத்து மொழிகளோ உண்மையை விட்டு நிறைவைப் பிடித்துக்கொண்டன. ‘நிரம்ப’ தேய்ந்து ‘ரொம்ப’ ஆனது. ஓசூரில் கன்னடம் பேசுபவர் சொல்லும் ‘தும்ப’வும் நிரம்புவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். மிகுதியைச் சொல்லும் சொற்களை ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று அடுக்குகிறது நன்னூல் என்ற பழைய இலக்கண நூல். அதில் வரும் ‘சால’வுக்கும் நிறைவுதான் வேர்ப்பொருள். இன்று தமிழில் அது ‘சாலச் சிறந்தது’ என்று மேடையில் மட்டும் கேட்கிறது. அதே ஓசூரின் தெலுங்கு வீடுகளில் அதன் உறவான ‘சாலா’ அன்றாடப் பேச்சில் புழங்குகிறது.

இனி, நம் பிள்ளைகள் தடுமாறும் இடம். ‘ரொம்ப’ வினையோடும் சேரும்: ‘ரொம்பப் பிடிக்கும்’. அதை வைத்து ‘ஐ வெரி லைக்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அடைமொழிக்குப் பக்கத்தில் வளர்ந்த ‘வெரி’ தனியாக வினைக்குத் தாவவில்லை. அதனால் ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று ‘டூ’. ‘ரொம்பப் பேசாதே’ என்கிறபோது அளவு மீறியதையும் ‘ரொம்ப’ என்றே சொல்கிறோம். ஆங்கிலம் அதைத் தனியாகப் பிரிக்கிறது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய டீ ‘வெரி ஹாட்’ என்றால் ஊதி ஊதிக் குடித்துவிடலாம். ‘டூ ஹாட்’ என்றால் ஆறும்வரை வாய் வைக்க முடியாது.