பிள்ளைக்கு ஒரு தனி வைஃபை

பதின்பருவப் பிள்ளை இருக்கும் வீட்டில் வைஃபை பற்றிப் பேச்சு வந்தாலே, எந்தத் தளத்தைத் தடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு முன்பே முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரே பாஸ்வேர்டில் சேர்ந்திருக்கும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று நேரடியாகத் தொட முடியும். கேமுக்கு 'மோட்' என்று எங்கிருந்தோ இறக்கிய ஃபைலில் வைரஸ் இருந்தால், அது பிள்ளையின் லேப்டாப்போடு நிற்காது. அம்மாவின் ஆபீஸ் லேப்டாப், வாசல் கேமரா, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும்.

ஆகவே முதலில் கெஸ்ட் நெட்வொர்க், அதாவது அதே ரவுட்டரிலிருந்து விருந்தாளிகளுக்கென்று பிரித்துத் தரும் தனி வைஃபை. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ரவுட்டரின் அட்மின் பக்கம் வரும். சில ரவுட்டர்களில் அது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. வைஃபை பகுதியில் கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கி, வேறு பெயரும் வேறு பாஸ்வேர்டும் கொடுத்து, பிள்ளையின் போன், லேப்டாப், கேம் பெட்டி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். பிரித்தாயிற்றா என்று சோதிப்பது சுலபம்: கெஸ்ட்டில் இருக்கும் போனிலிருந்து பிரிண்டரின் ஐபி எண்ணை (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி) பிரவுசரில் அடியுங்கள். பிரிண்டர் பக்கம் திறந்தால், அந்த ரவுட்டரில் 'கெஸ்ட்' என்பது பெயரளவுக்குத்தான். திறக்காவிட்டால் பிரிப்பு சரி. ஆனால் பிள்ளையால் இனி பிரிண்ட் எடுக்கவும் முடியாது; ப்ராஜெக்ட் கொடுக்கவேண்டிய நாளில்தான் இது தெரியவரும்! யூஎஸ்பி கேபிள் ஒன்றை எடுத்து வைத்திருங்கள்.

அடுத்ததுதான் வேண்டாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி. ஒரு தளத்தின் பெயரை அடித்ததும் போன் நேரே அங்கே போவதில்லை. அந்தப் பெயருக்கான எண் என்ன என்று டிஎன்எஸ் சர்வரிடம் முதலில் கேட்கிறது. எந்த சர்வரைக் கேட்பது என்பதை, போன் வைஃபையில் சேரும்போதே ரவுட்டர் சொல்லிவிடுகிறது. நாம் கைவைப்பது அந்த இடத்தில். கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்கென்று திறந்த 1.1.1.3, 1.0.0.3 என்ற இரு முகவரிகளும், ஆபாசத் தளம் அல்லது வைரஸ் தளம் என்று பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று பதில் தரும். அது எங்கும் போய்ச் சேராத எண், பக்கம் திறக்காது. இந்த இரண்டையும் ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதியில் (சேரும் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் இடம்) இருக்கும் இரண்டு டிஎன்எஸ் கட்டங்களில் போடவேண்டும். பிறகு போன்களில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் புது முகவரி வந்து சேரும்.

பலரும் இங்கே செய்யும் தவறு, முதல் கட்டத்தில் 1.1.1.3 போட்டுவிட்டு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதில் கூகுளின் 8.8.8.8-ஐப் போடுவது. இரண்டாவது கட்டம் அவசரத்துக்கு மட்டும் என்று கருவிகள் நினைப்பதில்லை. எதை வேண்டுமானாலும் கேட்கும். ஒரே தளம் காலையில் தடைபட்டு மாலையில் திறந்தால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து ஐபிவி6, அதாவது புதுவகை இணைய முகவரி முறை. நம் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கென்று தனி டிஎன்எஸ் முகவரியும் வரும். அதை மாற்றாமல் விட்டால் கேள்விகள் அந்த வழியாகப் போய்விடும். கம்பெனி கொடுத்த ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றவே இடமில்லை என்றால், பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டரை மாட்டி, பழையதன் வைஃபையை அணைத்துவிடலாம்.

இந்த வடிகட்டியின் கண்ணுக்குப் படுவது தளத்தின் பெயர் மட்டுமே. யூடியூபில் எந்த வீடியோ, இன்ஸ்டாவில் யார் அனுப்பிய மெசேஜ் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெயரை வைத்துத் தடுப்பதென்றால் யூடியூபை மொத்தமாக மூடுவது, அல்லது திறந்து விடுவது என்ற இரண்டுதான். நடுவில் ஒன்று வேண்டுமானால் அந்த ஆப்பின் செட்டிங்கில் தேடிப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் இன்பாக்ஸில் வந்து பேசுவதை எந்த டிஎன்எஸ்ஸும் தடுக்காது.

ஓட்டைகளும் உண்டு. ஆண்ட்ராய்டு 9-லிருந்து 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற செட்டிங் இருக்கிறது. அதில் வேறொரு சர்வரின் பெயரை அடித்துவிட்டால் போன் ரவுட்டர் சொன்னதைக் கேட்காது. 853 என்ற போர்ட் (இணையப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாசல்) வழியாக, மறையாக்கம் செய்து, நேரே அங்கே கேட்கும். 853-ஐ ரவுட்டரில் மூடலாம். ஆனால் பிரவுசர்களில் உள்ள 'செக்யூர் டிஎன்எஸ்' 443 வழியாகப் போகிறது. வங்கி முதல் ஸ்கூல் வரை எல்லாத் தளங்களும் அதே வழியில்தான் வருகின்றன. அதை மூடினால் வீட்டில் இன்டர்நெட்டே கிடையாது. எனவே இதே வசதியை நம் பக்கம் திருப்பிக்கொள்வது மேல்: பிள்ளையின் போனிலேயே பிரைவேட் டிஎன்எஸ் இடத்தில் 'ஃபேமிலி.கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ்.காம்' என்பதை ஆங்கிலத்தில் அடித்துவிடுங்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் வடிகட்டி கூடவே போகும். ரவுட்டரால் ஒருநாளும் செய்ய முடியாத வேலை அது.

இரவு 10 மணிக்கு மேல் கனெக்ஷன் கட் என்று ரவுட்டரில் நேரம் வைத்தும், பதினொன்றரைக்கு கேம் ஓடுகிறதா? ரவுட்டர் ஒரு போனை அதன் மேக் எண்ணை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல், போன்கள் வைஃபைக்கு வைஃபை போலி மேக் எண் காட்டுகின்றன. நெட்வொர்க்கை மறக்கச் செய்து மீண்டும் சேர்ந்தாலோ, அந்தச் செட்டிங்கை மாற்றினாலோ ரவுட்டருக்கு அது புது விருந்தாளியாகிவிடலாம். கண்டுபிடிப்பது எளிது: இணைந்த கருவிகள் பட்டியலில் மேக் எண்ணின் இரண்டாவது இடத்தைப் பாருங்கள். அங்கே 2, 6 அல்லது ஆங்கில ஏ, ஈ இருந்தால் அது போலி எண். பிள்ளையின் போனில், நம் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவிடலாம். வெளியிடங்களில் அது இருப்பது நல்லதே. இதைவிட நேர்வழி, நேரக் கட்டுப்பாட்டைக் கெஸ்ட் நெட்வொர்க் முழுவதற்கும் வைப்பது. அப்போது மேக் எண் எதுவானாலும் சரி.

இவ்வளவையும் பிள்ளைக்குத் தெரியாமல் செய்வது வீண்வேலை. தவறிப்போய்க் கண்ணில் படுவதைத்தான் வடிகட்டி தடுக்கும். வேண்டுமென்றே தேடுகிறவனுக்குத் தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் இருக்கிறது, நண்பனின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. மேலும், உடல்நலம் பற்றிய ஒழுங்கான தளமும் சிலசமயம் பட்டியலில் மாட்டிக்கொள்ளும். தடை இருப்பது தெரிந்த பிள்ளை வந்து கேட்கும். தெரியாத பிள்ளை 'நெட் சரியில்லை' என்று நினைத்துக்கொள்ளும்.

அட்மின் பாஸ்வேர்டை மறக்காமல் மாற்றுங்கள். பழையது ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். மாற்றினாலும், பின்பக்கம் ரீசெட் என்று ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஊசியால் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தினால் மேலே சொன்ன செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். ஒருநாள் காலையில் வீட்டு வைஃபையின் பெயர் அந்த ஸ்டிக்கரில் உள்ள பெயராக மாறியிருந்தால், கரண்ட் போய் வந்ததால் ஆனது என்று சொல்வதை நம்பாதீர்கள்.